கேளுங்க, சொல்றேன்: கம்பெனி பேருக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டிருக்கிற வார்த்தைங்க

போன மாசம் வேலைக்கு மனு எழுதுறதைப் பத்தி இந்தப் பக்கத்துல எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் மெசேஜ்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் கேட்டுச்சு. கம்பெனிங்கிறாங்க, ஃபர்ம்ங்கிறாங்க, எண்டர்பிரைஸ்ங்கிறாங்க, ஹோல்டிங்ஸ்ங்கிறாங்க, எல்லாம் ஒண்ணுதானா இல்ல வேற வேறயான்னு. இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து தினமும் பஸ் ஏறிப் போயி ஈப்போவுல ஒரு கம்பெனி செக்ரட்டரி ஆபீஸ்ல, அதாவது கம்பெனிங்களோட சட்டப் பேப்பர் வேலையைப் பார்க்கிற எடத்துல, இருபது வருஷத்துக்கு மேல ஃபைல் பார்த்தவ நான், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால இந்த மாசம் முழுப் பக்கத்தையும் இதுக்கே ஒதுக்கிட்டேன். பேரு போடாதீங்கன்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

வணக்கம் அக்கா. எஸ்பிஎம் பரிட்சை முடிச்சிட்டு ஒரு ஆபீஸுக்கு இண்டர்வியூ போனேன். அப்பா எங்க வேலை செய்றார்னு கேட்டாங்க, லாயர் கம்பெனின்னு இங்கிலீஷ்ல சொன்னேன். உடனே அந்த மேடம் லா ஃபர்ம்னு சொல்லணும்னு திருத்துனாங்க. எனக்கு ஒரே வெக்கமா போச்சு. கம்பெனின்னா கம்பெனிதானே, ஏன் ஃபர்ம்?
மாணவி, சுங்கை சிப்புட்

வெக்கப்படறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல தங்கச்சி, இதை நம்ம பள்ளிக்கூடத்துல யாரும் தனியா உக்கார வச்சி சொல்லிக் கொடுக்கல, அவ்வளவுதான். ஃபர்ம்ங்கிற வார்த்தை கையெழுத்துங்கிற அர்த்தத்துல வந்தது, இத்தாலி மொழியில ஃபிர்மான்னா இன்னைக்கும் கையெழுத்துதான். நாலு பேர் சேர்ந்து ஒரே பேர்ல கையெழுத்து போட்டு தொழில் செஞ்சா அது ஃபர்ம். வக்கீல், ஆடிட்டர், ஆர்க்கிடெக்ட் இவங்கல்லாம் காலங்காலமா அப்படிக் கூட்டாத்தான் தொழில் செஞ்சாங்க, அதனாலதான் லா ஃபர்ம், ஆடிட் ஃபர்ம்னு நின்னு போச்சு. மூளையை விக்கிறவங்களுக்கு ஃபர்ம், சாமான் விக்கிறவங்களுக்கு கம்பெனின்னு நான் எங்க ஆபீஸ்ல புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு சொல்லுவேன், முழுசா சரின்னு சொல்ல முடியாட்டியும் இண்டர்வியூவுக்கு அது போதும்.

கம்பெனிங்கிற வார்த்தை இன்னும் அழகு. அது லத்தீன்ல ரொட்டியில இருந்து வந்தது, ஒண்ணா உக்காந்து ஒரே ரொட்டியைப் பிச்சு சாப்பிடறவங்கன்னு அர்த்தம். நம்ம ஊர்ல ஃபிரண்டைக் கூட்டாளின்னுதானே சொல்றோம், இவன் என் கூட்டாளின்னு. தொழில்ல பங்கு போட்டவனும் கூட்டாளிதான். அந்த ஒரே வார்த்தை ரெண்டு வேலையும் செய்யிற மாதிரிதான் இங்கிலீஷ்ல கம்பெனியும், வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் கம்பெனி, ரப்பர் வித்தாலும் கம்பெனி. நம்ம பெரியவங்க கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனைக் கும்பினியான்னு சொன்னாங்க, அந்தக் கும்பினி 1600-ல பட்டயம் வாங்குனது, அப்புறம் இங்க வந்து நம்ம வாயில ஏறுன வார்த்தை இன்னும் இறங்கல.

கார்ப்பரேஷன்னா லத்தீன்ல உடம்பு. சட்டம் ஒரு புது உடம்பைப் படைக்குது, அதான் இன்கார்ப்பரேட்டட், உடம்பு கொடுக்கப்பட்டதுன்னு. இதை ஞாபகம் வச்சுக்க, கீழ ரெண்டு மூணு பதில்ல இந்த உடம்பு திரும்ப வரும். இன்னொண்ணு, அடுத்த தடவை சொல்றப்ப மை ஃபாதர் வொர்க்ஸ் ஃபார் எ லா ஃபர்ம்னு சொல்லு. ஃபாருக்குப் பதிலா அட்டுன்னு போட்டா எந்த இடம்னு அர்த்தம் வரும், ஃபார்னு போட்டா யாருக்காக வேலை செய்றார்னு வரும். இண்டர்வியூல அவங்க கேக்குறது யாருக்காகங்கிறதைத்தான்.

அக்கா, என் வீட்டுக்காரம்மா முறுக்கு, அச்சு முறுக்கு போட்டு விக்குறாங்க, தீபாவளிக்கு ஆர்டர் தாங்கல. பதிவு பண்ணலாம்னு பார்த்தா கூட்டாளி ஒருத்தர் எண்டர்பிரைஸ் எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு, செண்டிரியான் பெர்ஹாட் போடு, அப்பதான் மரியாதைன்னு சொல்றார். எது நல்லது?
பீடோர்

அண்ணே, மரியாதைக்காக எதையும் பதியாதீங்க. எண்டர்பிரைஸ், டிரேடிங் இதெல்லாம் நம்ம நாட்டுல பெரும்பாலும் தனி ஆளு நடத்துற தொழிலுக்கு வைக்கிற பேரு, இங்கிலீஷ்ல சோல் புரொப்ரைட்டர்ஷிப்னு சொல்வாங்க. சோல்னா தனி. அந்தத் தொழிலும் அக்காவும் ஒரே ஆளு, தொழிலுக்குன்னு தனியா உடம்பு கிடையாது, லாபம் வந்தாலும் அக்காவோடது, கடன் வந்தாலும் அக்காவோடது, வீடு காடி எல்லாத்தையும் சேர்த்து. ரெண்டு பேர்ல இருந்து இருபது பேர் வரைக்கும் சேர்ந்து போட்டா அது பார்ட்னர்ஷிப், அங்கயும் ஒருத்தன் வாங்குன கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. எஸ்எஸ்எம்-ல, அதாவது மலேசியக் கம்பெனி ஆணையத்துல, பதியறதுக்கு சொந்தப் பேர்ல நடத்துனா வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), லெட்சுமி முறுக்குன்னு வியாபாரப் பேரு வச்சா 60 வெள்ளி. தொழிலை ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள பதியணும், அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

செண்டிரியான் பெர்ஹாட் வேற சாமான். செண்டிரின்னா மலாய்ல சொந்தமா, தனியான்னு நமக்குத் தெரியும், ஹாட்னா எல்லை, பெர்ஹாட்னா எல்லை உள்ளது. அதையே இங்கிலீஷ்ல பிரைவேட் லிமிடெட்ங்கிறான். நிறைய பேர் லிமிடெட்னா சின்னக் கம்பெனி, குறைஞ்ச சரக்குன்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. பங்கு போட்டவங்களோட பொறுப்புக்குத்தான் எல்லை. நீங்க போட்ட பங்குப் பணம் போகும், அதுக்கு மேல உங்க வீட்டு வாசல்ல வந்து கேக்க முடியாது. ஏன்னா அந்தக் கம்பெனி தனி உடம்பு, கடன் அதோடது.

இது எங்க உறுதியாச்சுன்னா, லண்டன்ல ஆரோன் சாலமன்னு ஒரு பூட்ஸ் செய்யறவர் இருந்தார். 1892-ல தன் தொழிலையே கம்பெனியாக்கி அதுக்கு வித்தார், மனைவிக்கும் அஞ்சு பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரே ஒரு பங்கு, மிச்சம் 20,001 பங்கும் அவர்தான். கம்பெனி நொடிச்சுப் போச்சு, நீயும் கம்பெனியும் ஒண்ணுதானடா, கடனை நீயே கட்டுன்னு கேஸ் போட்டாங்க. 1896-ல அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபை, இல்ல, கம்பெனி வேற, அவர் வேறன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. நம்ம நாட்டுக் கம்பெனிச் சட்டமும் அந்த அஸ்திவாரத்துலதான் நிக்குது. இப்ப நடைமுறையில இருக்கிற 2016-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டப்படி ஒரே ஆளு கூட பங்குதாரராவும் டைரக்டராவும் இருந்து செண்டிரியான் பெர்ஹாட் ஆரம்பிக்கலாம், ஆனா கூடப்போனா 50 பங்குதாரர்தான்.

ஆனா அண்ணே, பதியறதுக்கே 1,000 வெள்ளி, அப்புறம் கம்பெனி செக்ரட்டரி வைக்கணும், வருஷா வருஷம் கணக்கு கொடுக்கணும், இதெல்லாம் முறுக்கு விக்கிற காசுல இருந்துதான் போகணும். இன்னொன்னையும் சொல்றேன், எங்க ஆபீஸ்ல பல தடவை கண்ணால பார்த்தது. கம்பெனி லோன் கேட்டு பேங்குக்குப் போனா அவங்க டைரக்டர் கிட்ட பெர்சனல் கேரண்டின்னு தனியா ஒரு பேப்பர் நீட்டுவாங்க, கையெழுத்து போட்ட அந்த நிமிஷம் அந்தக் கடனுக்கு எல்லை போச்சு, திரும்ப வீட்டு வாசல் வரைக்கும் வரும். அதே மாதிரி வேலைக்காரங்களுக்கு ஈபிஎஃப், அதாவது சேமநிதி, கட்டாம விட்டா டைரக்டருங்க தலையிலயும்தான் அது விழும். அதனால இப்பதைக்கு அக்கா பேர்ல எண்டர்பிரைஸ் போடுங்க, ஆளு வச்சு மெஷின் வாங்குற அளவுக்குப் போனா அப்ப மாத்திக்கலாம். நடுவுல பிஎல்டின்னு ஒண்ணு இருக்கு, லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், 2012 சட்டத்துல வந்தது, கூட்டாளி மாதிரியும் இருக்கலாம், தனி உடம்பும் இருக்கும், பதிய 500 வெள்ளி. நீங்களும் அக்காவும் சேர்ந்து செய்யறதா இருந்தா அதையும் யோசிங்க.

பப்ளிக் லிஸ்டட் கம்பெனின்னா அரசாங்கக் கம்பெனிதானே? பப்ளிக்னா பொதுமக்கள், அப்ப அரசாங்கம்தானே? என் மருமகன் இல்லைன்னு அடம் பிடிக்கிறான்.
தெலுக் இந்தான்

ஐயா, மருமகன் சொல்றதுதான் சரி. இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வர்றதுதான், ஏன்னா பப்ளிக் டாய்லட், பப்ளிக் பஸ்னா அது அரசாங்கம் இல்லைன்னா நகராட்சி நடத்துறது. கம்பெனி விஷயத்துல பப்ளிக்னா பங்கைப் பொதுமக்களுக்கு விக்க சட்டத்துல இடம் இருக்குன்னு அர்த்தம், வித்தே ஆகணும்னு இல்ல. பேர்ல செண்டிரியான் இல்லாம வெறும் பெர்ஹாட்னு முடிஞ்சா அது பப்ளிக் கம்பெனி. அதோட பங்கை நம்ம நாட்டுப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவுல பட்டியல் போட்டு வித்தா அப்பதான் லிஸ்டட். பப்ளிக் பேங்க்கையே எடுத்துக்குங்க, 1966-ல கதவு தொறந்தது, பேர்லயே பப்ளிக் இருக்கு, ஆனா அது அரசாங்க பேங்க் இல்ல, தனியார் ஆரம்பிச்சு பங்குச் சந்தையில போட்டது. அதுக்கு நேர் எதிரா பெட்ரோனாஸ், 1974-ல ஆரம்பிச்சது, பெட்ரோலியாம் நாசியோனால் பெர்ஹாட்னுதான் முழுப் பேரு, முழுக்க அரசாங்கத்தோடது, தாய்க் கம்பெனியோட பங்கை நீங்களும் நானும் வாங்க முடியாது. அதுக்குக் கீழ இருக்கிற பெட்ரோனாஸ் டகாங்கான் மாதிரி கம்பெனிங்கதான் புர்சாவுல இருக்கு. ஆக பெர்ஹாட்னு இருந்தா லிஸ்டட்னும் எடுத்துக்க முடியாது, பப்ளிக்னு இருந்தா அரசாங்கம்னும் எடுத்துக்க முடியாது.

அரசாங்கம் பின்னாடி இருக்கிற கம்பெனிக்கு ஜிஎல்சின்னு பேரு, கவர்மெண்ட் லிங்க்ட் கம்பெனி. அங்க வேலை செய்றவங்க அரசாங்க ஊழியர் கிடையாது, பென்ஷன் கிடையாது, ஈபிஎஃப்தான். பொண்ணு பார்க்கப் போற எடத்துல மாப்பிள்ளைக்கு கவர்மெண்ட் வேலைன்னு சொன்னா இதை ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்குங்க.

அக்கா, எனக்கு சூப்பர்மார்க்கெட்ல செக்யூரிட்டி வேலை. சட்டையில ஒரு பேரு, கேட்ல ஒரு பேரு, சம்பள ஸ்லிப்புல மூணாவதா ஒரு பேரு. எனக்கு மொதலாளி யாருன்னே தெரியல. அவுட்சோர்ஸிங்னு சொல்றாங்க.
குவாலா கங்சார்

தம்பி, உன் கடுதாசியைப் படிச்சதும் ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, ஏன்னா இது எனக்கே நடந்தது.

தொண்ணூறுகள்ல, எனக்கு பத்தொம்பது வயசு, டவுனுக்கு வெளிய ஒரு தொழிற்சாலையில வேலைக்குப் போனேன். கேட்ல பெருசா நீல எழுத்துல இண்டஸ்ட்ரீஸ்னு முடியற ஒரு பேரு. தோட்டத் தொழிலாளருங்க குடியிருக்கிற லயத்துல இருந்து எங்க ஏழு பேரை வேன் வந்து ஏத்திட்டுப் போகும். ரெண்டு மாசம் சம்பளம் வரல, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொன்னாங்க, அப்புறம் வேனே வரல. ஏழு பேரும் லேபர் ஆபீஸுக்குப் போனோம், ஃபாரத்துல மொதலாளி பேரு கேட்ட எடத்துல கேட்ல இருந்த பேரை எழுதுனோம். உள்ள இருந்த ஆபீசர் ஸ்லிப் இருக்கான்னு கேட்டார். எங்கிட்ட இருந்துச்சு, ரோஸ் கலர்ல வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசுப் பேப்பர், கார்பன் மை பாதி அழிஞ்சு போயிருந்துச்சு, பைபிளுக்குள்ள வச்சிருந்த ஒரு கூட்டாளிகிட்ட மட்டும் நல்லா இருந்துச்சு. அவர் பென்சிலால கீழ் வரியைத் தொட்டு இதைப் படிம்மான்னார். கேட்ல இருந்த பேரே இல்ல. வேற ஒரு பேரு, கடைசியில எண்டர்பிரைஸ்னு. உங்க மொதலாளி இந்தத் தொழிற்சாலை இல்லம்மா, ஆளு சப்ளை பண்ண காண்ட்ராக்டர், அவர்தான்னு சொன்னார். எனக்கு அழுகையே வந்துருச்சு, அந்தாளை எங்கன்னு போய்த் தேடுறதுன்னு. ஆனா அவர் அடுத்து சொன்னது இன்னும் காதுல இருக்கு, எண்டர்பிரைஸா இருக்கிறதும் ஒரு விதத்துல நல்லதுதான், கம்பெனி மூடிட்டேன்னு கையை விரிக்க முடியாது, அந்தாளே கொடுக்கணும். ஸ்லிப்பு வச்சிருந்த நாலு பேருக்கும் ஏழு மாசம் கழிச்சு பணம் வந்துச்சு, ஸ்லிப்பைத் தூக்கிப் போட்ட மூணு பேருக்கு நிரூபிக்கவே பெரும்பாடு, பாதிதான் கெடைச்சுது. நான் அதுக்கப்புறம்தான் கணக்குப் படிப்பு படிச்சேன், கம்பெனி செக்ரட்டரி ஆபீஸ்ல போய் உக்காந்தேன்.

இப்ப உனக்கு. சட்டையில இருக்கிறது பெரும்பாலும் பிராண்டு பேரு. கேட்ல இருக்கிறவங்க கிளையண்ட், அதாவது உன் செக்யூரிட்டி கம்பெனியோட வாடிக்கையாளர். ஸ்லிப்புல இருக்கிறவங்கதான் எம்ப்ளாயர், உன் மொதலாளி. சம்பளம், ஈபிஎஃப், சொக்சோ காப்புறுதி எல்லாத்துக்கும் அவங்கதான் பதில் சொல்லணும், வேலைக்கு சேர்றப்ப கையெழுத்து போட்ட கடிதத்துலயும் அதே பேர்தான் இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாரு. அவுட்சோர்ஸிங்னா வேலையை வெளிய கொடுக்குறது, காண்ட்ராக்டர்னா அந்த வேலையை ஒப்புக்கிட்டவங்க, அவங்க இன்னொருத்தர் கிட்ட தள்ளி விட்டா அவங்க சப் காண்ட்ராக்டர்.

ஸ்லிப்புல பேருக்குப் பக்கத்துல ஒரு நீள நம்பர் இருக்கும் பாரு. 2019-ல இருந்து எஸ்எஸ்எம் எல்லாத்துக்கும் 12 இலக்க நம்பர் கொடுத்திருக்கு. முதல் நாலு பதிஞ்ச வருஷம், அதுக்கு அடுத்த ரெண்டு இலக்கம்தான் முக்கியம். 01-னு இருந்தா கம்பெனி, 03-னு இருந்தா தனியாள் இல்லைன்னா கூட்டாளித் தொழில், 04-னு இருந்தா பிஎல்டி. அந்த நம்பரை வச்சு கொஞ்சம் காசு கட்டினா எஸ்எஸ்எம் இணையப் பக்கத்துலயே யாரு டைரக்டர், எந்த அட்ரஸ்னு வாங்கிறலாம். ஸ்லிப்பை இன்னைக்கே கைப்பேசியில படம் புடிச்சு வச்சுக்க தம்பி.

சப்சிடியரின்னா சப்சிடி வாங்குற கம்பெனியா? எங்க தோட்டத்து போர்டு என் காலத்துலயே பல தடவை மாறிப் போச்சு, ஆளுங்க அதே ஆளுங்கதான். இந்தத் தாய்க் கம்பெனி, பிள்ளைக் கம்பெனி விஷயத்தைக் கொஞ்சம் விளக்குங்களேன்.
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்), பேராக்

ஐயா, உங்க சந்தேகம் ரொம்ப நியாயமானது, ரெண்டு வார்த்தைக்கும் வேர் ஒண்ணுதான், லத்தீன்ல உதவிக்கு நிக்கிற படைன்னு அர்த்தம். பெட்ரோலுக்கு அரசாங்கம் கொடுக்குற உதவி சப்சிடி, தாய்க்கு உதவியா கீழ நிக்கிற கம்பெனி சப்சிடியரி. பாதிக்கு மேல பங்கை ஒரு கம்பெனி வச்சிருந்தா அது பேரண்ட், இல்ல ஹோல்டிங் கம்பெனி, கீழ இருக்கிறது சப்சிடியரி. ஒரே தாய்க்குப் பொறந்ததுங்க ஒண்ணுக்கொண்ணு சிஸ்டர் கம்பெனி. பாதிக்குக் கீழ இருந்தாலும் சொன்னா கேக்குற அளவுக்கு, ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல பங்கு இருந்தா அசோசியேட். புரோட்டோன் காடியை வச்சு சொன்னா லேசா புரியும், 2017-ல சீனாவோட கீலி 49.9 சதவீதம் வாங்குச்சு, மிச்ச 50.1 டிஆர்பி ஹைக்கோம் கிட்ட. அந்த ஒரு பொட்டு வித்தியாசத்துலதான் புரோட்டோன் ஹைக்கோமுக்கு சப்சிடியரி, கீலிக்கு அசோசியேட்.

வீட்டுலயே பார்க்கணும்னா மைலோ பாக்கெட்டைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படிங்க, நெஸ்லே ப்ரொடக்ட்ஸ் செண்டிரியான் பெர்ஹாட்னு இருக்கும். அதுக்குத் தாய் நெஸ்லே மலேசியா பெர்ஹாட், அது புர்சாவுல இருக்கு. அதுக்கும் தாய் சுவிட்சர்லாந்துல இருக்கிற நெஸ்லே. பாட்டி, அம்மா, மகன்னு மூணு தலைமுறையும் ஒரு பாக்கெட்டுக்குப் பின்னாடி நிக்குது. இப்படிப் பல நாட்டுல கால் வச்சிருக்கிற பாட்டிக்குத்தான் மல்டிநேஷனல்னு பேரு.

இனி நம்ம தோட்டம். வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துக்கு சொந்தக்காரக் கம்பெனிங்க நிறைய லண்டன்ல பதிஞ்சவை, அதுங்களை ஸ்டெர்லிங் கம்பெனின்னாங்க, இங்க பதிஞ்சதை டாலர் கம்பெனின்னாங்க. லண்டன்ல உக்காந்திருக்கிறவனுக்கு இங்க கணக்கு பார்க்க, துரையை, அதாவது தோட்ட மேனேஜரை, அனுப்ப, ரப்பர் பால் விக்க ஆள் வேணுமே, அந்த வேலையைச் செஞ்சது ஏஜென்சி ஹவுஸ். 1821-ல சிங்கப்பூர்ல ஆரம்பிச்ச கத்ரி, அப்புறம் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் எல்லாம் அந்த வகை. அதனாலதான் போர்டுல ஒரு பேரு, செக்ரோலுங்கிற ஆள் கணக்குப் புத்தகத்துல ஒரு பேரு, பெரிய துரை சொல்ற பேரு இன்னொண்ணுன்னு நம்ம தாத்தாமாருங்க குழம்பிப் போயி எல்லாத்துக்கும் சேர்த்து கம்பெனிக்காரன்னு ஒரே வார்த்தையா சொல்லிட்டாங்க. காலையில ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு நிக்கிறவருக்கு அதுக்கு மேல யாரும் சொல்லவும் இல்ல.

1981 செப்டம்பர் 7-ஆம் தேதி பிஎன்பி, அதாவது மலேசிய அரசாங்கத்தோட முதலீட்டுக் கம்பெனியான பெர்மோடாலான் நாசியோனால், லண்டன் பங்குச் சந்தையில ஒரே காலையில கத்ரியோட பங்கை வாங்கி கட்டுப்பாட்டைக் கைக்குக் கொண்டு வந்துச்சு, டான் ரெய்டு, விடியக்கால ரெய்டுன்னு அதுக்குப் பேரே நின்னு போச்சு. அது இங்கிலீஷ்ல டேக்ஓவர், ஒருத்தர் இன்னொருத்தரை வாங்கிப் போடறது. 2007-ல சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் மூணும் ஒண்ணாச்சு, அது மெர்ஜர், கலக்குறது. அப்ப துறைமுகம், கார், வீடு, செம்பனைன்னு எல்லாத்தையும் வச்சிருந்த சைம் டார்பி மாதிரி கம்பெனிக்கு கொங்ளோமரேட்னு பேரு, பல நூலை ஒரே உருண்டையா சுத்துன மாதிரி. 2017-ல அந்த உருண்டையைப் பிரிச்சு மூணு தனித்தனி லிஸ்டட் கம்பெனி ஆக்குனாங்க, அது டீமெர்ஜர். அதுல தோட்டம் வச்சிருந்த கம்பெனி 2024-ல பேரை எஸ்டி கத்ரின்னு மாத்திக்கிச்சு. ஐயா, நீங்க வேலை செஞ்ச தோட்டம் இதுல எந்த வரிசையில வந்துச்சுன்னு கடுதாசியில எழுதல, ஆனா போர்டு மாறுனப்பல்லாம் மேல நடந்தது பெரும்பாலும் இந்த டேக்ஓவர், மெர்ஜர், டீமெர்ஜர் மூணுல ஒண்ணா இருக்கும்.

மகன் சிங்கப்பூர்ல வேலை செய்றான், அவன் கம்பெனி பேருக்குப் பின்னாடி பிடிஇ எல்டிடின்னு இருக்கு. மகள் ஆன்லைன்ல வேலை தேடுறா, அங்க ஜிஎம்பிஎச், எல்எல்சின்னு என்னென்னமோ வருது.
குளுவாங்

அம்மா, பிடிஇ எல்டிடி நம்ம செண்டிரியான் பெர்ஹாட்டோட சிங்கப்பூர் சட்டை, பிரைவேட் லிமிடெட். இந்தியாவுல பிவிடி எல்டிடின்னு போடுவாங்க, ஆஸ்திரேலியாவுல பிடிஒய் எல்டிடி, இங்கிலாந்துல வெறும் எல்டிடி, ஜெர்மனியில ஜிஎம்பிஎச். அமெரிக்காவுல ஐஎன்சி இல்லைன்னா எல்எல்சி. இங்கிலாந்துல பிஎல்சின்னு பார்த்தா அது நம்ம பெர்ஹாட் மாதிரி, பப்ளிக். மகள் கிட்ட ஸ்டார்ட்அப்னு சொல்ற கம்பெனியா இருந்தா ஒரு விஷயம் கேக்கச் சொல்லுங்க, ஸ்டார்ட்அப்ங்கிறது சட்டத்துல இருக்கிற வகை இல்ல, புதுசா ஆரம்பிச்சு வேகமா வளரப் பார்க்குறதுன்னு மட்டும்தான் அர்த்தம். எந்த நாட்டுல, என்ன வகையா பதிஞ்சிருக்குன்னு கேட்டுட்டு அப்புறம் ஐசி, அதாவது அடையாள அட்டை, படத்தை அனுப்பட்டும்.

அக்கா, பாட்டி பொட்டியில ஒரு பழைய புத்தகமும் பங்குப் பத்திரமும் கெடைச்சுது, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம்னு இருக்கு. பாட்டி பால் வெட்டுனவங்க. கூட்டுறவுன்னா இங்கிலீஷ்ல என்ன, அதுவும் கம்பெனியா? இதுக்கு இன்னும் மதிப்பு இருக்கா?
சுங்கை சிப்புட்

நம்ம ஊர்ல இருந்தே இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா அதை ஆரம்பிச்ச, நம்ம நாட்டு அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் இந்த சுங்கை சிப்புட்ல பொறந்தவர். ஐம்பதுகள்ல வெள்ளைக்காரக் கம்பெனிங்க தோட்டத்தை வித்துட்டுப் போக ஆரம்பிச்சாங்க, வாங்குனவங்க துண்டு துண்டா வெட்டி வித்தாங்க, தோட்டத் துண்டாடல்னு அன்னைக்குப் பேரு. தோட்டம் போனா வேலை மட்டும் இல்ல, லயமும் போகும், பள்ளிக்கூடமும் கோயிலும் போகும். அப்ப 1960-ல இந்த சங்கத்தை ஆரம்பிச்சு, தோட்டம் தோட்டமா போயி, மாசம் 10 வெள்ளி கட்டுங்க, நம்மளே தோட்டத்தை வாங்குவோம்னு கேட்டாங்க. நாள் சம்பளத்துல குடும்பம் ஓட்டுனவங்களுக்கு அந்தப் 10 வெள்ளி லேசுப்பட்டது இல்ல. முதல் தோட்டமா கெடாவுல புக்கிட் சீடிம் வாங்குனாங்க. உங்க பாட்டி புத்தகத்துல மாசா மாசம் முத்திரை குத்தியிருக்கும் பாருங்க, ஒவ்வொண்ணும் அந்தப் பத்து வெள்ளி.

கூட்டுறவு இங்கிலீஷ்ல கோ ஆப்பரேட்டிவ், மலாய்ல கொப்பராசி. கோன்னா சேர்ந்து, ஆப்பரேட்டுன்னா வேலை செய்றது. கம்பெனியும் இல்ல, எண்டர்பிரைஸும் இல்ல, எஸ்எஸ்எம்-ல தேடினா கெடைக்காது, அதுக்கு தனியா மலேசிய கூட்டுறவு ஆணையம் இருக்கு, எஸ்கேஎம்னு சொல்வாங்க, 1993 கூட்டுறவுச் சங்கச் சட்டத்துல வருது. தனி உடம்பு இதுக்கும் உண்டு. பெரிய வித்தியாசம் ஓட்டுலதான். கம்பெனியில பங்குக்கு ஓட்டு, ஆயிரம் பங்கு வச்சிருக்கிறவன் ஆயிரம் தடவை பேசலாம். கூட்டுறவுல ஆளுக்கு ஒரு ஓட்டு. உங்க பாட்டியோட ஓட்டும் அதிகப் பங்கு வச்சிருந்த பணக்காரரோட ஓட்டும் சரி சமம். இன்னைக்கு ஸ்டார்ட்அப், ஸ்டேக்ஹோல்டர்னு பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசுறாங்க, அதுக்கெல்லாம் முன்னாடியே பால் வாளி தூக்குன பொம்பளைங்க இந்த நாட்டுல தோட்ட மொதலாளியா இருந்திருக்காங்கம்மா, அந்தப் புத்தகம்தான் சாட்சி, தயவு செஞ்சு பழசுன்னு கிழிச்சிறாதீங்க.

மதிப்பு விஷயம், சங்கம் இன்னும் இருக்கு, கோலாலம்பூர்ல விஸ்மா துன் சம்பந்தன்ல ஆபீஸ். பாட்டியோட உறுப்பினர் நம்பர் புத்தகத்துலயே இருக்கும், அதையும் பழைய ஐசி நம்பர், புது ஐசி நம்பர் ரெண்டையும் எழுதி எடுத்துக்குங்க, பாட்டி தவறியிருந்தா இறப்புப் பத்திரம் வேணும், நாமினியா யாரு பேரு போட்டிருக்காங்கன்னு முதல்ல அதைக் கேளுங்க. ஒரிஜினல் புத்தகத்தை யார் கேட்டாலும் கையில கொடுத்துட்டு வந்துறாதீங்க, காப்பி எடுத்துட்டுப் போங்க. அப்புறம் அந்தப் புத்தகத்தோட முதல் பக்கத்தைப் படம் புடிச்சு எனக்கு அனுப்புவீங்களா, எங்க அம்மாவும் அந்த சங்கத்துல சேர்ந்தவங்கதான், அவங்க புத்தகத்தை லயம் மாறுனப்ப தொலைச்சிட்டோம்.